காலி டப்பா

"காலியா இருக்கிற டப்பாவை எதுக்கு அளக்கணும்? அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் அளக்கணும்."

"இப்படித்தான் காலேஜ்லயும் பாடம் நடத்தினீங்களா வாத்தியாரே? பசங்க பாவம்."

"முழுசாக் கேளு. என்கிட்ட இருக்கிறது ஒரு ஸ்பூன் பொடி. அதை நியூட்ரான் வர்ற வழியில வைக்கணும். கையில பிடிச்சுக்கிட்டா நிக்க முடியும்? அலுமினிய டப்பாவுல போட்டு வைக்கிறேன். நியூட்ரான் பொடியிலயும் மோதிச் சிதறும், டப்பாவுலயும் மோதிச் சிதறும். சிதறி வந்து டிடெக்டர்ல விழறப்போ, 'நான் பொடி வீட்டுப் பிள்ளை, நான் டப்பா வீட்டுப் பிள்ளை'ன்னு சொல்லிக்கிட்டா வரும்?"

"அதனால வெறும் டப்பாவைத் தனியா அளந்து, மொத்தத்துல இருந்து கழிச்சிடணும்."

"அடிப்பாவி! எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆச்சு. நீ டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்ட."

"கழித்தல் ஒண்ணாங் கிளாஸ்லயே வந்துடும் வாத்தியாரே."

ஆய்வுக்கூடத்துக் கேன்டீனில் அவர்கள் முதன்முதலாக நீளமாகப் பேசிக்கொண்டது இதுதான். அவன் நியூட்ரான் சிதறல் சோதனைகள் செய்யும் இயற்பியல்காரன். அவள் அந்தச் சோதனைகளின் எண்களை அலசும் புரோகிராம்களை எழுத வந்தவள். எதைக் கேட்டாலும் விரிவுரை ஆற்றுகிறான் என்று அவள் அவனுக்கு வாத்தியார் என்று பேர் வைத்தாள். புரோகிராமில் வரும் பிழையைப் பூச்சி என்பார்கள் அல்லவா, அதை யாரைவிடவும் வேகமாகப் பிடிக்கிறாள் என்று அவன் அவளைப் பூச்சி என்று கூப்பிட்டான். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வேறு பெயர்கள் இருந்தன.

இப்போது அவர்கள் இருப்பது மூன்றாவது ஊர். மூன்றாவது வீடு, மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் தெரியும். மாதக்கணக்காக மழை விட்டு விட்டுப் பெய்து கொண்டிருந்தது. துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை.

முதல் ஊரை விட்டு அவனுக்காகத்தான் கிளம்பினார்கள். பூச்சி பாதி எழுதியிருந்த புரோகிராமை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தாள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அங்கேதான் ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று.

அன்று வாத்தியார் வேறொரு ஊரில், வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருந்தான். நியூட்ரான் கற்றை எல்லாருக்கும் பொது. வருடம் முழுக்கக் காத்திருந்தால் சில நாள் கிடைக்கும். அதைப் பீம் நேரம் என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் போன் செய்தபோது அவன் குரல் உடைந்தது. "கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டான். "வேணாம், பீம் வீணாப் போயிடும். முடிச்சுட்டே வா" என்றாள் அவள். முடித்துவிட்டே வந்தான். வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டு, விடியும்வரை அழுதான்.

அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாததுதான் அவளுக்குப் பெரிய பாரம். அவன் கேட்டான், அவள் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. "வா" என்ற ஒற்றை எழுத்து வாயில் வராத அந்த நாளுக்குப் பிறகு, அவனிடம் எதையும் கேட்கவே அவளுக்கு வராமல் போய்விட்டது. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூடத் தானே போய் வாங்கி வந்தாள்.

இந்த மூன்றாவது ஊரில்தான் அவள் மெல்ல நிமிர்ந்தாள். இங்கே டிடெக்டர்கள் வந்து விழும் ஒவ்வொரு நியூட்ரானையும் எங்கே, எப்போது விழுந்தது என்று தனித்தனியாகப் பதிவு செய்தன. ஒரே சோதனையில் மலையாகக் குவியும் எண்கள். பழைய புரோகிராமில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம், அதற்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். பூச்சி அந்த மலையைத் துண்டுபோட்டு நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பதில்களை மறுபடி கோத்து எடுக்கும் புதிய புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே மூன்று பேர். அவர்கள் அவளை அக்கா என்றார்கள். குளிர்காலம் முடிந்ததும் ஆய்வுக்கூடம் முழுவதும் அந்தப் புரோகிராமுக்கு மாறுவதாக முடிவாகியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஆரம்பித்த ஒன்று அவள் கண்ணெதிரே முடியப் போகிறது.

அந்த நேரத்தில்தான் வாத்தியாருக்கு ஒரு மேடு கிடைத்தது.

அவனுடைய பொடி ஒரு விசித்திரக் காந்தப் பொருள். கடுங்குளிரில் அதற்குள் காந்த முட்கள் எப்படி நடுங்குகின்றன என்பதுதான் அவன் கேள்வி. கிராஃபில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பியிருந்தது. பழைய புரோகிராம்தான் அதைக் கணக்கிட்டுக் கொடுத்தது. அந்த மேட்டைப் பற்றிக் கருத்தரங்கில் பேசினான். கடல் கடந்து இருக்கும் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றின் இயக்குநர் அவனை ஓரமாக அழைத்துப் போய், "எங்களிடம் வருகிறீர்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம்போல் இருந்தது. "உனக்கு ஓகேதானே?" என்றான்.

அவன் எப்போதும் அப்படித்தான் கேட்பான். அந்த 'தானே'க்குள் பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பூச்சி "ம்" என்றாள்.

*

புதிய புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே விடை தெரிந்த சோதனை ஒன்றை அதில் ஓட்ட வேண்டும். இருப்பதிலேயே பெரியது வாத்தியாரின் சோதனைதான். அதை எடுத்து ஓட்டினாள். இரண்டு புரோகிராமும் ஒரே படத்தைத் தர வேண்டும். தரவில்லை. புதியதில் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு பள்ளம். இரண்டும் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே.

"அக்கா, பூச்சிக்கே பூச்சியா?" என்றான் அவள் குழுவில் எல்லாரும் தாடி என்று கூப்பிடும் பையன்.

"சிரிக்காத. நீ எழுதின கோடிங்லதான் இருக்கும்."

"என் கோடிங் தங்கம் அக்கா. உரசிப் பாருங்க."

உரசிப் பார்த்தார்கள். கூட்டல் சரி, கழித்தல் சரி, துண்டுகளைக் கோத்ததும் சரி. கடைசியில் பழைய புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எப்போதோ ஓய்வு பெற்றுப் போன ஒருவர் எழுதியது. நடுவில் ஒரு வரி: விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு. எண்ணிக்கை எதிர்மறையாக வருவது அவருக்கு அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்.

துணியை எடுத்ததும் விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு இடங்களிலும், பொடி நிரம்பிய டப்பாவைவிடக் காலி டப்பா அதிக நியூட்ரான்களைச் சிதறடித்திருந்தது. அப்படி நடக்க வழியே இல்லை, அந்தக் காலி டப்பா உண்மையிலேயே காலியாக இருந்தால். அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பசையோ, பிளாஸ்டிக்கோ, ஹைட்ரஜன் உள்ள ஏதோ ஒன்று. ஹைட்ரஜன் நியூட்ரானைக் கண்டபடி இறைக்கும், சில இடங்களில் மற்ற இடங்களைவிட அதிகமாக. அதைச் சேர்த்துக் கழித்ததால் இரண்டு பக்கமும் குழி விழுந்து, நடுவில் இருந்த சமதரை மேடுபோல் நின்றது. வாத்தியாரின் மேடு, மேடே இல்லை.

தாடி டீ வாங்கப் போயிருந்தான். பூச்சி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வயிற்றுக்குள் ஒரு விளக்கைப் பொருத்தியதுபோல் இருந்தது. மேடு இல்லையென்றால் அந்த வேலை இல்லை. வேலை இல்லையென்றால் போக வேண்டியதில்லை. இங்கேயே இருக்கலாம். அடுத்த நொடியே அவளுக்கு உடம்பு கூசியது. புருஷன் விழப்போகிற பள்ளத்தைப் பார்த்து மனசு குதிக்கிறதே, நான் என்ன பிறவி?

மதியமே தங்கைக்கு எல்லாவற்றையும் மெசேஜில் கொட்டியிருந்தாள். மாலையில் தங்கை போனில் வந்தாள். சின்னவளுக்கு வாய் நீளம். அக்காவுக்கு இல்லாததையும் சேர்த்து வாங்கி வந்தவள் என்று அம்மா சொல்வாள்.

"சொல்லிட்டியா அத்தான்கிட்ட?"

"இன்னும் இல்லடி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"மேடு பொய்னு சொல்றதா, ஊரை விட்டு வரமாட்டேன்னு சொல்றதா? எதைக் கேக்கறேன்னு புரியுதா?"

"ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு தானா நடந்துடும்ல."

"அய்யோ, இந்தப் புத்திசாலியை வச்சுக்கிட்டு! அக்கா, அந்த மேடு விழுந்து அவர் இங்கேயே இருந்தாருன்னா, வேற வழியில்லாம இருந்தாரா, உனக்காக இருந்தாரான்னு உனக்குத் தெரியுமா? தினம் சாப்பாடு போடறப்போ அவர் மூஞ்சியைப் பார்த்து யோசிப்ப."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"நீ வாயைத் திறக்கக் கத்துக்கிட்டிருக்கலாம். இருக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டா என்ன? முத்தா உதிர்ந்துடும்?"

"கேட்டு அவர் இல்லன்னுட்டா?"

"அதானே பார்த்தேன்" என்றாள் சின்னவள், குரல் இறங்கி.

*

மறுநாள் காலை வாத்தியாரின் அறைக்குப் போனாள். கருவிக்கூடத்தை ஒட்டிய கண்ணாடித் தடுப்பு அறை. வெளியே பம்புகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. அவன் கட்டுரையின் கடைசித் திருத்தத்தில் இருந்தான்.

"வா பூச்சி. படத்துக்குக் கீழ எழுதினதை ஒரு தடவை படி, நீளமா இருக்கோ?"

அவள் லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தாள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவன் படத்தைப் பார்த்தான். பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

"உன் புரோகிராம்ல ஏதாவது..."

"ஒரு வாரமா அதைத்தான் தேடினேன். இல்ல."

"காலி டப்பாவா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

அவன் எழுந்து வெளியே நடந்தான். அவளும் பின்னால் போனாள். மாதிரிகளைத் தயார் செய்யும் அறையில், டப்பாக்களுக்குப் பொறுப்பான டெக்னீஷியன் கையுறையோடு நின்றிருந்தார்.

"அண்ணே, என் சோதனைக்குக் கடைசி நாள் காலி டப்பா வச்சோமே, அது எது?"

"உங்க டப்பாவைத் திறந்தா பொடி காத்து பட்டுக் கெட்டுடும்னு சொன்னீங்களே சார். பீம் வேற முடியப் போகுதுன்னு அவசரப்படுத்தினீங்க. அதோட ஜோடி டப்பாவை வச்சோம். நீங்களும் பார்த்து, சரின்னீங்க."

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதே உயரம், அதே கனம், அதே மூடி. வாத்தியார் மூடியைத் திருகி விளக்கடியில் பிடித்தான். உள் விளிம்பைச் சுற்றி, கண்ணாடிபோல் காய்ந்த பசை வளையம். முன்பு யாரோ ஒட்டியது.

"அட," என்றார் டெக்னீஷியன். "இது என் கண்ணுலயும் படலையே சார்."

"பரவாயில்ல அண்ணே. நானும்தானே பார்த்தேன்."

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். கதவைச் சாத்திய பிறகு, அவளைப் பார்க்காமல் கேட்டான்:

"எல்லார் சோதனையும் இருக்கிறப்போ, என்னோடதை ஏன் எடுத்த?"

"இருக்கிறதுலயே அதுதான் பெரிசு."

"உனக்கு அங்க வர இஷ்டம் இல்ல. நீ சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். தேடினியா பூச்சி? விழட்டும்னு தேடினியா?"

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். தேடவில்லை, அது சத்தியம். ஆனால் கிடைத்தபோது மனசு குதித்ததே, அதுவும் சத்தியம். இரண்டில் எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாகிவிடும்போல் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

*

அதன்பிறகு வீட்டில் தட்டும் கரண்டியும்தான் பேசிக்கொண்டன.

அவன் கட்டுரையைத் திரும்பப் பெற்றான். கடல் கடந்த இயக்குநருக்கு, மேடு தவறு என்றும் காரணம் இன்னதென்றும் தானே எழுதினான். எழுதியதை அவளிடம் காட்டவில்லை. எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னான். பொடியை மறுபடி அளக்க அடுத்த வருடம் பீம் கிடைத்தால் உண்டு. காலையில் அவளுக்கு முன்பே கிளம்பினான். மாலையில் வந்து ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். நெற்றியில் கை வைத்தால் விலக்கவில்லை. ஆனால் அந்தக் கையை அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, "நீ பண்ணினது சரிதான்" என்றான். "நான் அன்னிக்குக் கேட்டது தப்பு."

"பரவாயில்ல."

"உன் புரோகிராம் இல்லைன்னா ஊர் சிரிச்சிருக்கும். நன்றி சொல்லணும்னு நினைக்கிறேன், வாய் வரமாட்டேங்குது."

"உனக்குமா?" என்றாள் அவள்.

அவன் லேசாகச் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவளுக்கு அழுகை முட்டியது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து உள்ளே போனாள். இப்படியே இருந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடுவான். இங்கேயே இருப்பான், வேறு வழியில்லாமல். சின்னவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தாலும், முள்ளோடும் குடித்தனம் செய்யலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாக உலர்த்திக்கொண்டிருந்தாள். கதவு வழக்கத்தைவிட வேகமாகத் திறந்தது. வாத்தியார் குடையை மடக்காமலே உள்ளே வந்தான்.

"அவர் பேசினார்."

"யாரு?"

"அந்த இயக்குநர். மேட்டைப் பத்தி எழுதினேன்ல. படிச்சாராம். 'எல்லாருக்கும் நடக்கிறதுதான்'னு சிரிக்கிறார். அவங்களுக்கு அந்த மேடு பெரிய விஷயமே இல்லையாம் பூச்சி! புதுசா ஒரு கருவி கட்டுறாங்க. அதைத் தலைமேல போட்டுக்கிட்டுச் செய்ய ஆள் வேணுமாம். கருத்தரங்குல டிடெக்டர் பத்திக் கேட்டதுக்கு நான் சொன்ன பதில்தான் அவருக்குப் பிடிச்சுதாம். வேலை எனக்குத்தான்."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டோம் என்று புகைந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அவனுடைய நீலச் சட்டை. காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

எத்தனை நாள் தூங்காமல் புரண்டாள், மேடா பள்ளமா என்று. அந்த மேடு யாருக்கும் ஒரு பொருட்டாகவே இருந்திருக்கவில்லை. விழுந்தும் எதையும் தடுக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருக்க ஒதுங்கிக்கொண்ட கடைசி மறைவும் போய்விட்டது.

"அடுத்த மாசக் கடைசியில சேரணும்," அவன் சொல்லிக்கொண்டே போனான். செருப்பைக் கழற்றி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணில் இருந்த பெட்டிகளை எட்டிப் பார்த்தான். "வீட்டுக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லிடலாம். பெரிய பெட்டி சக்கரம் உடைஞ்சிருந்ததே, மாத்தினோமா? உனக்கும் அங்க ஏதாவது பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். புரோகிராம் எழுத ஆள் வேண்டாம்னு எந்த ஊர்ல சொல்றாங்க? இங்க இருக்கிறதைத் தாடி பார்த்துப்பான். நல்ல பையன். உனக்கு ஓகேதானே?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பரணுக்குள் கையை விட்டான்.

"இல்ல" என்றாள் பூச்சி.

அவனுக்கு அது பெட்டியைப் பற்றிய பதில்போல் கேட்டிருக்க வேண்டும். "மாத்தலையா? பரவாயில்ல, புதுசு வாங்கிடலாம்."

"ஓகே இல்லன்னு சொன்னேன்."

அவன் ஸ்டூல்மேல் நின்றபடியே திரும்பினான். தலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது. பயந்துபோன முகம்; ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று கட்டிலைப் பார்த்த முகம். அவள் இஸ்திரிப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"புரோகிராமுக்காகவா? நாலு மாசம் தள்ளிச் சேரலாமான்னு கேட்டுப் பார்க்கிறேன். நீ முடிச்சுட்டுக்கூட வரலாம். நான் முன்னாடி போய் வீடு பார்த்து..."

"நான் நாள் கேக்கல."

"பின்ன என்னதான் வேணும் பூச்சி? சொன்னாத்தானே தெரியும்? நீ எதையுமே கேக்கறதில்ல."

"இறங்கி வா, சொல்றேன்."

இறங்கி வந்தான். பலகைக்கு அந்தப் பக்கம், கருகிய சட்டைக்கு முன்னால் நின்றான். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துக் குழாய்களில் தண்ணீர் இறங்கும் சத்தம். இவன் முடியாது என்று சொல்லக்கூடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அதன்பிறகு தேற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பதும் தெரிந்தது. பலகையின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"போகாத," என்றாள். "எனக்காக, என்கூட இங்கயே இரு."